பாட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பேரனுக்கு ஏன் நோய் வருகிறது?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். திருச்சியில் நர்சிங் முடித்துவிட்டு அடிலெய்டில் மேலே படிக்கிறீர்கள். அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்துக்குப் பயிற்சிக்குப் போகிறீர்கள். பூர்வகுடி மக்கள் அந்தக் காலத்தில் பட்ட அதிர்ச்சி அவர்களுடைய மரபணுவில் பதிந்து பேரப்பிள்ளைகள் வரை வருகிறது என்று வகுப்பில் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த மாணவரோ, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன கதையை இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று முணுமுணுத்திருக்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பாதிப்பு அடுத்த தலைமுறைக்கு வருகிறதா? வருகிறது. எந்த வழியாக வருகிறது? இங்கேதான் உங்கள் ஆசிரியர் இருக்கிற ஆதாரத்துக்கு மேல் உறுதியாகப் பேசிவிட்டார். அது முடிந்துபோன கதையா? இல்லை. இந்த விஷயத்தில் உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது தவறு.

நான் பொது மருத்துவர். வடக்குப் பிரதேசத்தின் தலைநகரான டார்வினிலும் அதற்குத் தெற்கே சில சிறிய ஊர்களிலும் பதினான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். மரபணு ஆராய்ச்சி என் துறை இல்லை, அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத்தான் எனக்குப் பயிற்சி. நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவனும் இல்லை. அதனால் அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி அவர்களே சொல்வது ஒன்றாகவும் நான் சொல்வது இன்னொன்றாகவும் இருந்தால், அவர்கள் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் மற்றது புரியாது. நியூ சவுத் வேல்ஸில் 1909-இல் ஒரு சட்டம் வந்தது. அதை 1915-இல் திருத்தினார்கள். அதற்குப் பிறகு, ஒரு பூர்வகுடிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போனது, பூர்வகுடி மக்களைக் கட்டுப்படுத்திய அரசு வாரியம் முடிவு செய்தால் போதும். மற்ற மாநிலங்களிலும் இதே போன்ற அதிகாரங்கள் இருந்தன. 1910 முதல் 1970 வரை பிரிக்கப்பட்ட குழந்தைகள், பத்தில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர் வரை இருக்கலாம் என்று 1997-இல் வந்த தேசிய விசாரணை அறிக்கை கணித்தது. சர் ரொனால்ட் வில்சனும் மிக் டாட்சனும் நடத்திய அந்த விசாரணையில் 535 பூர்வகுடி மக்கள் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். இப்படிப் பிரிக்கப்பட்டவர்களைத்தான் 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்கிறோம். நியூ சவுத் வேல்ஸில் கெம்ப்சி என்ற ஊர்ப் பக்கத்தில் 1924 முதல் 1970 வரை நடந்த கின்செலா சிறுவர் இல்லத்தில் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எண் கொடுத்துக் கூப்பிட்டார்கள். அம்மாவின் மொழியைப் பேசினால் அடி. பல இல்லங்களில் பாலியல் கொடுமையும் நடந்தது. வெளியே வந்தபோது ஒரு குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படிச் சமாதானப்படுத்துவது என்பதை அவர்கள் எங்கேயும் பார்த்தது கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குத் திரும்பி வருவேன்.

சரி, எது உறுதி? ஆஸ்திரேலிய உடல்நல, நலவாழ்வு நிறுவனம் 2018-இல் ஒரு கணக்கெடுத்தது. இன்றிருக்கும் பூர்வகுடிப் பெரியவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர், பிரிக்கப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் என்று அது சொன்னது. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பது. வெள்ளையரோடு ஒப்பிட்டிருந்தால் வறுமை, ஊர், இனப்பாகுபாடு எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அவர்கள் பூர்வகுடி மக்களையே இரண்டாகப் பிரித்து, குழந்தையில் பிரிக்கப்பட்டவர்களை, பிரிக்கப்படாத அதே வயதுக்காரர்களோடு வைத்துப் பார்த்தார்கள். இரு தரப்பும் ஒரே நாட்டில் ஒரே பாகுபாட்டுக்கு நடுவே வாழ்ந்தவர்கள். அப்படிப் பார்த்தபோதும், பிரிக்கப்பட்டவர்கள் முந்தைய ஐந்து ஆண்டுகளில் சிறைக்குப் போயிருக்கும் வாய்ப்பு 3.3 மடங்கு, மனநலம் குன்றியிருக்கும் வாய்ப்பு 1.5 மடங்கு. வழிவந்தவர்களிடம் வித்தியாசம் குறைகிறது, ஆனால் மறையவில்லை. மனநலம் குன்றியிருக்கும் வாய்ப்பு 1.3 மடங்கு. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2000-த்தை ஒட்டி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்விலும் இதே திசைதான். வளர்ப்பவர் சிறுவயதில் வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டவர் என்றால், அந்தப் பிள்ளைக்கு மன, நடத்தைச் சிக்கல்கள் வரும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

இதற்கு முன்பே ஒரு எண் இருக்கிறது. காவலிலும் சிறையிலும் இறந்த பூர்வகுடி மக்களைப் பற்றி 1987 முதல் 1991 வரை ராயல் கமிஷன் என்ற உயர்நிலை அரசு விசாரணைக் குழு விசாரித்தது. மொத்தம் 99 மரணங்கள். அவர்களில் 43 பேர் சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த எண்ணை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிந்ததில்லை.

இந்த ஆய்வுகளுக்கும் வரம்பு உண்டு. இவை ஒரு காலத்தில் எடுத்த கருத்தாய்வுகள், ஆட்கள் தாங்களே சொன்னதை வைத்துக் கணக்கிட்டவை. ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதை இவை காட்டும், ஒன்றினால்தான் மற்றது என்று தனியாக நிரூபிக்காது. ஆனால் வேறு வேறு இடத்தில், வேறு வேறு ஆட்கள் செய்த வேலை ஒரே பக்கம் கைகாட்டும்போது, மருத்துவத்தில் அதை நாங்கள் நம்புவோம். சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்ததும் ஏறக்குறைய இப்படித்தான்.

இனி மரபணு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆசிரியர் சொன்னதற்குப் பெயர் எபிஜெனெடிக்ஸ். மரபணுவில் எழுதியிருப்பது மாறாது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடிவைப்பது என்பதற்குச் சில வேதிக் குறிகள் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். மெத்தில் குறி அவற்றில் முக்கியமானது. வாழ்க்கை அனுபவம் அந்தக் குறிகளை மாற்றும் என்பதில் சந்தேகம் இல்லை. 1944-45 குளிர்காலத்தில் நாஜிப் படைகளின் தடையால் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது கருவில் மிக இளம் நிலையில் இருந்தவர்களை அறுபது ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சி சம்பந்தமான ஒரு மரபணுவில் அவர்களுடைய மெத்தில் குறிகள் அவர்களின் சொந்த உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்தன. இது நல்ல ஆய்வு. ஆனால் கவனியுங்கள், அந்தக் குழந்தை கருவில் இருந்தபடி தானே நேரடியாகப் பட்டினியை அனுபவித்தது. இது பரம்பரையாக வந்தது ஆகாது.

இன்னொன்றை யோசித்துப் பாருங்கள். பெண் குழந்தை கருவில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் உருவாகிவிடும். அப்படியென்றால் உங்கள் பாட்டி உங்கள் அம்மாவைச் சுமந்தபோது, பின்னாளில் நீங்களாக ஆகப்போகிற முட்டையும் அங்கேயே இருந்தது. பாட்டி பட்ட பட்டினி ஒரே நேரத்தில் மூன்று தலைமுறையைத் தொடும். எனவே, கர்ப்பத்தில் நடந்த ஒன்று யாரையும் நேரடியாகத் தொடாமல், குறி வழியாக மட்டுமே இறங்குகிறது என்று நிரூபிக்க வேண்டுமானால் நான்காவது தலைமுறையைப் பார்க்க வேண்டும். மனிதர்களிடம் அந்த அளவுக்கு நம்பகமான சான்று இன்னும் இல்லை. எலிகளிடம் சில சோதனைகள் உண்டு, ஒரு வாசனையோடு மின்னதிர்ச்சி கொடுத்து, அதன் குட்டிகளும் அந்த வாசனைக்கு மிரண்டதைக் காட்டிய 2014 ஆய்வு மிகப் பிரபலம். எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுவது பெரிய தாவல்.

மனிதர்களைப் பற்றி எல்லோரும் மேற்கோள் காட்டுவது, யூதப் படுகொலையில் தப்பியவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பற்றி ரேச்சல் யெஹூதா குழு செய்த ஆய்வு. அதில் இருந்தவர்கள் 32 பெற்றோரும் 22 பிள்ளைகளும்தான். பெற்றோரிடம் குறி கூடியிருந்த அதே இடத்தில் பிள்ளைகளிடம் குறைந்திருந்தது. கெட்ட கனவு கண்டு அலறும் அப்பாவோடு ஒரே வீட்டில் வளர்ந்ததால் வந்த மாற்றமா, பிறக்கும்போதே கூட வந்ததா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே வகுப்பில் யாராவது 'மரபணுவில் பதிந்திருக்கிறது' என்று சொன்னால், இருக்கலாம், இன்னும் நிரூபிக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பூர்வகுடி மக்களின் உடம்பிலேயே கோளாறு என்று சொல்லும் பழக்கம் இந்த நாட்டில் பழையது. அவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வருவதற்கு, பஞ்ச காலத்துக்காகக் கொழுப்பைச் சேமிக்கும் ஒரு மரபணு காரணம் என்ற 1962-ஆம் ஆண்டு ஊகம் பல ஆண்டுகள் பாடம் போல ஓடியது. அப்படி ஒரு மரபணுவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1982-இல் கெரின் ஓடே என்ற ஆராய்ச்சியாளர், மேற்கு ஆஸ்திரேலியாவில் டெர்பி பக்கத்திலிருந்து சர்க்கரை நோய் உள்ள பத்துப் பூர்வகுடி மக்களோடு காட்டுக்குப் போனார். ஏழு வாரம் கங்காரு, மீன், காட்டுக் கிழங்கு என்று தங்கள் பழைய உணவை வேட்டையாடியும் தோண்டியும் சாப்பிட்டார்கள். சராசரியாக எட்டு கிலோ குறைந்தார்கள், ரத்தச் சர்க்கரை பெருமளவு சீரானது. அந்த உடம்பில் கோளாறு இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பண்ணைகளிலும் கிறிஸ்தவ மிஷன்களிலும் கூலிக்குப் பதிலாக அளந்து கொடுத்த மைதா, சர்க்கரை, தேயிலையில்தான் கோளாறு.

அப்படியானால் நோய் எப்படி இறங்குகிறது? நல்ல ஆதாரம் உள்ள வழிகளில் முதலாவது கருப்பை. டார்வினுக்கு வடக்கே டிவி (Tiwi) தீவுகள் இருக்கின்றன. சிறுநீரகம் செயலிழப்பது உலகிலேயே மிக அதிகமாகக் காணப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. வெண்டி ஹாய் என்ற சிறுநீரக மருத்துவர் அங்கே பல ஆண்டுகள் வேலை செய்தார். எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பெரியவர்களானபின் சிறுநீரில் புரதம் வெளியேறுவது அதிகம் என்று காட்டினார். சிறுநீரகத்தில் வடிகட்டும் நெஃப்ரான்கள் நிறைமாதக் குழந்தைக்குப் பிறப்பதற்கு முன்பு மட்டுமே உருவாகும், பிறந்தபின் ஒன்றுகூடப் புதிதாக வராது. தாய்க்குச் சரியான சாப்பாடு இல்லை, தொற்று, புகை, ஓயாத மனஅழுத்தம் என்றால் பிள்ளை குறைந்த நெஃப்ரான்களோடு பிறக்கும். அதன் மேல் தோல் தொற்றும் சர்க்கரையும் சேர்ந்தால் நாற்பது வயதில் டயாலிசிஸ். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்து, அவளும் நோயோடு கர்ப்பமானால் அடுத்த சுற்று ஆரம்பிக்கும். இப்படி மூன்று தலைமுறை டயாலிசிஸ் நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு மர்மமான எந்தக் குறியும் தேவையில்லை.

இரண்டாவது வழி, வளர்ப்பு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி எலிகளை வைத்துச் செய்த வேலை இதற்கு நல்ல உதாரணம். குட்டியை நன்றாக நக்கிப் பராமரிக்கும் தாய் எலியின் குட்டிகள் நிதானமாக வளரும். அதிகம் நக்காத தாயின் குட்டிகள் சின்ன விஷயத்துக்கும் மிரளும், பெரிதானபின் தங்கள் குட்டிகளையும் அதிகம் நக்காது. பார்த்தால் அப்படியே பரம்பரை போல இருக்கும். ஆனால் பிறந்த உடனே குட்டியை மாற்றி வைத்தால், வளர்த்த தாயைப் போலத்தான் அது ஆகிறது. அதாவது தலைமுறை தாண்டிப் போவது ரத்தத்தில் இல்லை, மடியில். அந்த மடியைத்தான் இந்த நாட்டின் சட்டம் அறுபது வருடம் பறித்துக்கொண்டிருந்தது.

என் கிளினிக்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வயதான அம்மா, பேத்தியோடும் அவளுடைய கைக்குழந்தையோடும் வருவார். எங்களிடம் குழந்தைகளை எடை பார்க்கும் தராசு அடுத்த அறையில் இருந்தது. நர்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டியதும் இவர் எழுந்துவிடுவார். ஒருநாள் கத்திவிட்டார். அப்புறம் இரண்டு மாதம் அந்தக் குடும்பமே வரவில்லை, குழந்தையின் தடுப்பூசியும் தள்ளிப்போனது. குறிப்பேட்டில் நான் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன். அதைப் பார்த்த எங்கள் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "டாக்டர், ஆன்ட்டிக்கு நாலு வயசு இருக்கும்போது எடை பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் தன் அம்மாவைத் திரும்பப் பார்க்கவே இல்லை." அந்த வரியை அடித்துவிட்டு, தராசை ஆலோசனை அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தோம். அது ஒரு மதிய நேரத்து வேலை, அதற்கு எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தக் கொள்ளுப்பேரக் குழந்தைக்குத் தடுப்பூசி தாமதமானதும் தலைமுறை தாண்டிய பாதிப்புதான். எந்த ரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது.

எல்லாவற்றையும் பழைய காயத்தின் கணக்கில் எழுதிவிடுவதும் சரியில்லை. அங்கே நீங்கள் ருமாட்டிக் இதய நோயைப் பார்ப்பீர்கள், பத்து வயதுப் பிள்ளையின் இதய வால்வு கெட்டிருக்கும். தொண்டையிலும் தோலிலும் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி அதற்குக் காரணம். மூன்று படுக்கையறை வீட்டில் பதினைந்து பேர், வேலை செய்யாத குழாய், துணி துவைக்க வசதி இல்லை என்றால் அந்தக் கிருமி சுற்றிச் சுற்றி வரும். அதற்கு வீடு கட்ட வேண்டும், தண்ணீர் வர வேண்டும். காயத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு வீட்டைக் கட்டாமல் விடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, பல வருடம், தொடையிலோ இடுப்பிலோ வலிக்கிற பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ள வர வேண்டும். கிளினிக் மேல் நம்பிக்கை இல்லாத குடும்பம் எப்படி வரும்? இங்கே இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

இனி உங்கள் பக்கத்து இருக்கைக்காரருக்கு. பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13-இல். அவர் மன்னிப்புக் கேட்டபோது பிரிக்கப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் உயிரோடு இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். உங்கள் வார்டில் எழுபது வயதில் ஒருவர் படுத்திருந்தால், அது அவருக்கே நடந்திருக்கலாம். இன்றைக்கும் பூர்வகுடிப் பிள்ளைகளை அரசு பெற்றோரிடமிருந்து விலக்கி வேறிடத்தில் வளர்க்கும் விகிதம் மற்ற பிள்ளைகளைப் போல ஏறக்குறைய பதினோரு மடங்கு. காரணங்கள் அன்றைய காரணங்கள் இல்லை, சில பிள்ளைகளுக்கு வீட்டில் உண்மையான ஆபத்து இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கர்ப்பிணிப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால் குழந்தையை எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்து ஆறாவது மாதம் வரை வராமல் இருந்தால், அவள் கற்பனையில் பயப்படுகிறாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2020-22 கணக்கில் பூர்வகுடி ஆண்களின் சராசரி ஆயுள் 71.9, பெண்களுடையது 75.6. மற்றவர்களைவிட எட்டு வருடத்துக்கும் மேல் குறைவு.

எது உதவுகிறது என்பதற்கும் சான்று இருக்கிறது, இதை வகுப்பில் அதிகம் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சாண்ட்லர், லலோண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய இருநூறு பூர்வகுடிச் சமூகங்களில் இளைஞர் தற்கொலையைக் கணக்கெடுத்து 1998-இல் வெளியிட்டார்கள். எல்லாச் சமூகங்களும் ஒரே வரலாற்றை அனுபவித்தவை. ஆனால் சிலவற்றில் தற்கொலை மிக மிக அதிகம், பலவற்றில் அறவே இல்லை. சுயாட்சி, நில உரிமைக்கான முயற்சி, பள்ளி, மருத்துவ சேவை, காவலும் தீயணைப்பும், பண்பாட்டு இடங்கள் என்று ஆறையும் தங்கள் கையில் வைத்திருந்த சமூகங்களில், அந்த ஐந்து வருடத்தில் ஒரு இளைஞர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. இதுவும் சேர்ந்து வருவதைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிரூபிப்பதில்லை. ஆனால் நான் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. ஆஸ்திரேலியாவில் 1971-இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடி மக்களே நடத்தும் முதல் மருத்துவ சேவை மையம் தொடங்கியது, இன்று அப்படி 140-க்கும் மேல் இருக்கின்றன. பிரிஸ்பேனில் பூர்வகுடி அமைப்புகளும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து, தெரிந்த ஒரே மருத்துவச்சி கூடவே வரும்படி ஒரு பிரசவத் திட்டம் நடத்தியபோது குறைப்பிரசவம் தெளிவாகக் குறைந்தது. ஒரு தலைமுறையிலேயே மாறக்கூடிய ஒன்றை மரபணுவில் எழுதிய விதி என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, பயிற்சியில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வயதானவர்களை அங்கே ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நமக்கு இது பழக்கப்பட்டதுதான், ஆனாலும் அப்படிக் கூப்பிடலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளி பேசாமல் இருந்தால் மறுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பதில் வர நேரமாகும். பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது, நான்காவது மொழி, மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சங்கடப்படாதீர்கள். யாராவது சிகிச்சை முடியாமல் சொல்லாமல் கிளம்பிப் போனால், பொறுப்பில்லை என்று எழுதுவதற்கு முன்னால் ஊரில் யார் காத்திருக்கிறார்கள், வார்டில் யார் என்ன சொன்னார்கள் என்று பூர்வகுடித் தொடர்பு அலுவலரிடம் விசாரியுங்கள். நடந்த கொடுமையைப் பற்றி நீங்களாகத் தோண்டிக் கேட்க வேண்டாம். எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்று கேளுங்கள், உங்களிடமும் திருப்பிக் கேட்பார்கள். அப்போது திருச்சியைப் பற்றியும், காவிரியைப் பற்றியும், உங்கள் பாட்டியைப் பற்றியும் அவசரப்படாமல் சொல்லுங்கள். அன்று ரத்த அழுத்தம் பார்ப்பது பத்து நிமிஷம் தாமதமானாலும் பரவாயில்லை. குழந்தையை எடை பார்க்க வேண்டியிருந்தால், அம்மாவின் கண்ணுக்கு முன்னாலேயே பாருங்கள்.